செங்கோடன் ஆடிய நாலு இஸ்பேட்

ஆலத்தூர் நாடு, கொல்லிமலை
2-6-1937

என் தம்பி மகளும் மருமகளுமான அம்சவேணிக்கு அத்தை இருசாயி எழுதுவது. நானும் கறவை மாடும் சுகம். பேத்தி மாதம்மாளுக்கு இன்னும் எத்தனை பல் வந்தது என்று எழுது.

முள்ளுக்குறிச்சிக்கு மிளகு மூட்டை இறக்கப் போன மாணிக்கம் வந்து, "அம்சவேணிக்குக் கண்ணு வீங்கிக் கெடக்குதுங்கக்கா. சீட்டாட்டத்துல ஏதோ தப்பாக் கேட்டாளாம், செங்கோடன் அறைஞ்சுட்டானாம்" என்றான். நான் அவனைத்தான் வைது அனுப்பினேன். மரக்கிடங்கு மானேஜர் துரையும் துரைசானியும் சனிக்கிழமை தோறும் தங்கள் மேசையில் சரிசமமாக உட்காரவைத்து பிரிட்ஜ் சீட்டு ஆடுகிற மலைக்காரன் என் மகன் ஒருவன்தான். அவனுக்குக் கூட்டாளியாக எதிரே உட்காருகிறவள் நீ. அந்த மரியாதைக்குத் தக்கபடி ஆடவேண்டாமா?

ஐந்தாம் வகுப்புப் படித்த நான் காப்பித் தோட்ட பங்களாவில் ஆயாவாக இருந்தபோது, மழைக்காலத்தில் நாலாவது ஆள் இல்லாமல் என்னைத்தான் உட்காரவைப்பார்கள். செங்கோடன் அந்த மேசைக்கடியில் வளர்ந்தவன். நீ கேட்டுக்கொள். ஏலம் கேட்கும் முன்னே கையில் நிச்சயமாக எத்தனை பிடி வரும், எத்தனை சுற்று ஜெயிக்கலாம் என்று எண்ணு. ஏஸும் ராஜாவும்தான் கணக்கு. ராணியைப் பார்த்து மயங்காதே. அவன் கேட்ட நிறத்தில், இஸ்பேட்டோ ஆர்ட்டினோ, உன்னிடம் மூன்று சீட்டாவது இருந்தால் ஏற்று. இல்லையா, பாஸ் சொல்லிவிட்டுச் சும்மா இரு. நீ திருந்தினால் அவன் ஏன் கை ஓங்குகிறான்?

உன் மாமியார்
இருசாயி

முள்ளுக்குறிச்சி
21-6-1937

அத்தை அவர்களுக்கு அம்சவேணி நமஸ்காரம். மாதம்மாளுக்கு ஆறு பல். என் சுகத்தைக் கீழே எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடி எண்ணி எண்ணிக் கேட்டதில் இரண்டு சனிக்கிழமை ஜெயித்தோம். முந்தாநாள் எனக்கு நல்ல சீட்டு வந்தது. ஆசைப்பட்டு ஏலத்தை மூன்று வரை ஏற்றிவிட்டேன். ஒரு பிடி குறைந்து தோற்றோம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, ஆபீஸ் ரூல் தடியால் முதுகில் அடித்தார். "துரை முன்னால என் மானத்தை வாங்கிட்டியே" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். தடி முறிந்ததும் முறிந்த துண்டால் குத்தினார். குழந்தை பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது அவர் இருமினாலே அது கட்டிலுக்கடியில் ஓடுகிறது.

அப்பா இருந்தால் அவருக்கு எழுதியிருப்பேன். எனக்குப் பிறந்த வீடும் நீங்கள்தான், புகுந்த வீடும் நீங்கள்தான். வேறு யாரிடம் சொல்ல?

அம்சவேணி

ஆலத்தூர் நாடு
27-6-1937

அம்சவேணிக்கு அத்தை எழுதுவது. முதுகுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவு.

நீ மூன்றுக்குப் போனது தப்புத்தான் கண்ணு. உன் மாமனார் கட்டாத விறகுக்கும் வேகாத களிக்கும் என்னை அடித்தவர். ஒரு முறை மயிரைப் பிடித்துத் தொழுவம் வரை இழுத்துக்கொண்டு போனார். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கிடந்தேன்; வெளியே ஒரு சத்தம் போகவில்லை. அதுவும் ஒரு கெட்டிக்காரத்தனம். இனிமேல் விழுந்த சீட்டையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள். அம்பத்திரண்டும் யார் யாரிடம் இருந்தது என்று ஆட்டம் முடிந்ததும் உனக்குச் சொல்லத் தெரியவேண்டும். அது வந்துவிட்டால் அவனால் உன்னைக் குறை சொல்ல முடியாது.

உன் மாமியார்
இருசாயி

முள்ளுக்குறிச்சி
12-7-1937

அத்தைக்கு. இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

சனிக்கிழமை அவர் ஒரு இஸ்பேட் கேட்டார். என்னிடம் மூன்று இஸ்பேட், டைமன் ஏஸ், டைமன் ராஜா. இரண்டுக்கு ஏற்றினேன். அவராகவே நாலுக்குப் போனார். அதற்குப் பத்துப் பிடி வேண்டும். ஆட்ட முறைப்படி நான் என் சீட்டு முழுவதையும் மேசையில் விரித்து வைத்துவிட்டேன். கூட்டாளி அப்புறம் வாய் திறக்கக் கூடாது, ஆடவும் கூடாது. ஒன்பதுதான் கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் என் வலது கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவை உதைத்தார். இரண்டு விரல் நசுங்கிவிட்டது. எலும்பு வெளியே தெரிந்தது.

நாலு பேர் கையிலும் இருந்த சீட்டையும் அவர் ஆடிய வரிசையையும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீங்கள் சொன்னபடி எல்லாம் ஞாபகம் வைத்தேன். இதில் என் தப்பு எது என்று மட்டும் சொல்லுங்கள் அத்தை, திருத்திக்கொள்கிறேன்.

அம்சவேணி

ஆலத்தூர் நாடு
24-7-1937

அம்சவேணிக்கு.

நீ எழுதினபடி சீட்டைத் தரையில் பரப்பி நாலு தடவை ஆடினேன். நாலு தடவையும் பத்துப் பிடி வந்தது. இஸ்பேட்டில் ஆறு, உன் டைமனில் இரண்டு, அவனுடைய ஆர்ட்டின் ஏஸ், கிளாவர் ஏஸ். இஸ்பேட்தான் துருப்பு; எதிராளிகளிடம் இருந்தது நாலே நாலு, ஆளுக்கு இரண்டு. ஏஸும் ராஜாவும் போட்டு முதலில் அதை வாங்கியிருந்தால் தீர்ந்தது. அவன் ஜம்பமாக ஆர்ட்டின் ஏஸை முதலில் வீசியிருக்கிறான். ஆர்ட்டின் இல்லாத துரைசானி துருப்பு வைத்து வெட்டிவிட்டாள்.

ஆள் விட்டு அவனை வரவழைத்தேன். ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி பஞ்சாயத்தைக் கூட்டினார். "ஏனுங்க இருசாயி, மாப்பிள்ளை ஊட்டுப் பக்கமும் நீங்கதான், பொண்ணு ஊட்டுப் பக்கமும் நீங்கதான். எங்க உக்காரப் போறீங்க?" என்றார். எழுந்து போய்ப் பெண் வீட்டுப் பக்கம் உட்கார்ந்தேன். எதிர்ப் பக்கத்தில் அவன் ஒருவன்.

அதே சீட்டை அவன் முன்னால் பரப்பினேன். "நாலு இஸ்பேட். ஆடு சாமி" என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல் இஸ்பேட் ஏஸ் போட்டான், இஸ்பேட் ராஜா போட்டான், துருப்பெல்லாம் வாங்கினான்.

"தெரியுதில்லடா. அப்புறம் ஏண்டா அவ வெரலை நசுக்குன?" என்றேன்.

"என் பொண்டாட்டி. கொன்னாலும் கேக்க எவனுக்கு உரிமை?" என்று என்னைப் பிடித்துத் தள்ளினான். கல்லில் மோதி என் நெற்றி பிளந்தது. பெற்றவளைத் தள்ளியதும் அத்தனை பேரும் பாய்ந்தார்கள். ஓங்கின கையை முறுக்கி, முழங்காலில் வைத்து முறித்தார்கள். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பஞ்சாயத்தில் உன் கல்யாணத்தைத் தீர்த்துவிட்டார்கள், இனி நீ அவன் பெண்டாட்டி இல்லை. குழந்தை உன்னோடு.

ஒன்று எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அன்றைக்கு நீ மூன்றுக்குப் போனது தப்பான கேள்விதான். தப்பாகக் கேட்டால் ஆட்டம் தோற்கும், அவ்வளவுதான். அதற்கு அடி கிடையாது. இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் உன் இரண்டு விரலும் நசுங்காமல் இருந்திருக்கும். மகன் பெருமை என் கண்ணை மூடிவிட்டது.

இதைக் கொண்டுவரும் என் கொழுந்தன் சின்னுசாமி கொடுவாளோடு வாசலில் நிற்பான். பாத்திரம் பண்டம் எதுவும் வேண்டாம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்படு. செங்கோடன் கவுண்டர் வீட்டில் காய்ச்சலோடு கிடக்கிறான். கஞ்சி கொண்டுபோனேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பானையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

உன் பிறந்த வீட்டு
இருசாயி