பூனை மீசை

அம்மா, நீ என்னிடம் பொய் சொல்கிறாய். இருமல் நின்றுவிட்டதென்றாய்; தங்கை போனில் பேசும்போது பின்னால் நீ இருமுவது கேட்டது.

நான் நலம். பழைய ஊமைப் பேய்ப்படங்களில் விழுந்த கீறல்களைக் கணினியில் அழிப்பதுதானே என் வேலை? போன வாரம் ஒரு கறுப்புப் பூனையின் மீசையையும் கீறலென்று அழித்துவிட்டேன். “மொழுமொழுன்னு நிக்குதே, இதைப் பாத்து எவன்டா பயப்படுவான்?” என்று மேலாளர் சிரித்தார். மீசையைத் திரும்ப வைக்க நாலு பேர் மூன்று நாள் உட்கார்ந்தோம்.

செத்து நூறு வருஷமான பூனைக்கு நாலு பேர். உன்னை மட்டும் ஆஸ்பத்திரியில் காலையெல்லாம் வரிசையில் நிற்கவைத்து, பார்க்காமலே திருப்பி அனுப்புகிறார்கள்.

உன் பழைய புடவை ஒன்று அனுப்பு, போர்த்திக்கொள்ள. வேலைக்கு நேரமாகிவிட்டது. நாளைக்குத் தங்கையோடு மறுபடி போ. டாக்டர் உன் நெஞ்சில் குழல் வைத்துப் பார்க்கும்வரை அங்கிருந்து நகராதே. போகிறேன் என்று சொல்லம்மா.