வியாழக்கிழமைக் கையெழுத்து

9 மார்ச் 2004, செவ்வாய்

ஹவுகெட்டோவில் ரயில் பன்னிரண்டு நிமிடம் தாமதம். நிலையப் படியெல்லாம் ஐஸ். விழாமல் இறங்கினேன், இன்றைய சாதனை அதுதான்.

மேலாளர் ஸ்தைனிடம் கேட்டேவிட்டேன். ஜூன் முப்பதோடு என் அனுமதி முடிகிறது. வந்து மூன்று வருடமும் ஆகிவிடும். இந்தத் தடவை நீட்டிப்பு வேண்டாம், நிரந்தர வதிவிடத்துக்கே விண்ணப்பிக்கிறேன், தொடர்ந்து இங்கே வேலை பார்க்கிறேன் என்று ஒரு கடிதம் தாருங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே "வியாழக்கிழமை தருகிறேன், நந்திதா" என்றார். நல்ல மனிதர்.

11 மார்ச், வியாழன்

நல்ல மனிதர் பனிச்சறுக்கப் போய்விட்டார்.

18 மார்ச், வியாழன்

மறுபடி கேட்டேன். மறுபடி சிரிப்பு. "உன்னோடு இங்கே வேலை பார்த்த யுவனுக்குக் கடிதம் கொடுத்தேன். பாஸ்போர்ட்டில் நிரந்தர முத்திரை விழுந்த மறுமாதமே ஸ்தவாங்கருக்குப் போய் எண்ணெய்க் கம்பெனியில் சேர்ந்துவிட்டான்" என்றார். ஆக, விஷயம் அதுதான். இப்போதுள்ள அனுமதி இந்தக் கம்பெனியோடு என்னைக் கட்டிப் போட்டிருக்கிறது. கயிறு அவர் கையில் இருப்பது அவருக்கு வசதி.

"சரி, அடுத்த வியாழன்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கே என்மேல் எரிச்சல்.

25 மார்ச், வியாழன்

கடிதம் கிடைத்தது. "ஜூன் 2001 முதல் ஜனவரி 2003 வரையிலும், ஜூலை 2003 முதல் இன்றுவரையிலும் பணிபுரிகிறார்." நடுவே ஐந்து மாத ஓட்டை. இடைவெளியில்லாத மூன்று வருடம் இருந்தால்தான் நிரந்தரம்.

"அந்த ஐந்து மாதமும் நீ இங்கே வரவில்லையே. வராததை வந்ததாக எப்படி எழுதுவது?" என்றார். வரவில்லைதானே? ஜனவரி கடைசியில் ஒரு கடிதம் கொடுத்து வீட்டில் இருக்கச் சொன்னார்கள். முதல் வரியிலேயே கண் இருட்டிவிட்டது, மீதியைப் படிக்கவில்லை. பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பெட்டியைப் பூட்டினேன். கோயம்புத்தூர் வீட்டுக்குச் சொல்லவில்லை. மேல்மாடியில் இருக்கும் வீட்டுக்கார ராசமலர் அக்காவுக்கும் சொல்லவில்லை. தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்து, ஐந்து மணிக்குத் திரும்பினேன். ஜூலையில் கூப்பிட்டார்கள். ஓடினேன்.

வேலை போனவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது — அவ்வளவுதான் என் கவலை அப்போது.

2 ஏப்ரல், வெள்ளி

குறொன்லாண்ட் போலீஸ் அலுவலகம். வதிவிட விண்ணப்பமெல்லாம் இங்கே போலீஸிடம்தான். வரிசையில் இரண்டரை மணி நேரம். விண்ணப்பத்தில் அந்த மாதங்களுக்கு நேரே என் கையாலேயே "வேலையில்லை" என்று எழுதியிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அதைப் பார்த்தாள், ஸ்தைன் கடிதத்தைப் பார்த்தாள். "இந்த இடைவெளிக்கு மூன்று வாரத்துக்குள் விளக்கம் கொடுங்கள். இப்படியே போனால் மறுப்பு வரலாம்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

மறுத்தால்? மறுபடி ஸ்தைன் தயவு, மறுபடி ஒரு வருடம், மறுபடி வியாழக்கிழமை. இல்லை என்றால் ஊர். நான் போகமாட்டேன். எனக்கு இந்த ஊர் வேண்டும்.

3 ஏப்ரல், சனி

அழுத முகத்தோடு துணி துவைக்க மேலே போய் மாட்டிக்கொண்டேன். ராசமலர் அக்கா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்ப்பவர். கம்ப்யூட்டர் வேலைக்காரியான நான் இத்தனை நாள் அவரிடம் வானிலையைத் தவிர எதுவும் பேசியதில்லை. வெட்கம்தான், எழுதி வைக்கிறேன்.

எல்லாம் கொட்டினேன். நூலகத்தையும்.

"எனக்குத் தெரியும், பிள்ளை" என்றார். "வேலைக்குப் போற ஆக்கள் பின்னேரம் களைச்சு வருவினம். நீர் வாடி வந்தனீர். கேட்டால் இன்னும் வாடிப்போவீர் எண்டு பேசாமல் இருந்தனான்."

"தெரிஞ்சா ரூமைக் காலி பண்ணச் சொல்லிடுவீங்களோன்னு பயம், அக்கா."

"விசர்க் கதை. எங்கை அந்தக் கடிதம்? எடுத்துக்கொண்டு வாரும்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே படித்தார். பிறகு சிரித்தார். "இது வேலை போன கடிதமே இல்லை. இது பெர்மித்தேரிங். வேலை குறைஞ்சால் கொஞ்ச நாளைக்கு வீட்டை இருக்கச் சொல்லுறது. இஞ்சை வழக்கம். அந்த அஞ்சு மாதமும் நீர் கம்பெனியின்ரை ஆள்தான். இஞ்சை பாரும், உம்மடை மேலாளரே எழுதியிருக்கிறார், 'பணி உறவு தொடர்கிறது' எண்டு. கீழை அவரின்ரை கையெழுத்து."

கடைசிப் பத்தி. பதினான்கு மாதமாகப் புடவைக்கு அடியில்.

"உங்களுக்கு எப்படிக்கா இதெல்லாம்?"

"ஆஸ்பத்திரியிலை கூட்டித் துடைக்கிற ஆக்களுக்குச் சங்கப் பிரதிநிதி நான்தானே. பதினொரு வரியம். நீர் எந்தச் சங்கம்?"

சங்கமெல்லாம் மில் தொழிலாளிகளுக்கு என்று நினைத்திருந்தேன்.

13 ஏப்ரல், செவ்வாய்

ஈஸ்டர் விடுமுறை முடிந்தது. கெஞ்சாதே என்று அக்கா சொல்லியிருந்தார், கெஞ்சவில்லை. புதுக் கடிதத்தை நானே டைப் அடித்து ஸ்தைனிடம் கொண்டுபோனேன், மூன்றே வரி: ஜூன் 2001 முதல் இன்றுவரை இடைவெளியில்லாமல் பணியில் இருக்கிறார் என்று. பக்கத்தில் பழைய கடிதத்தை வைத்து, அவர் கையெழுத்தின் மேல் விரலையும் வைத்தேன்.

"வியாழக்கிழமை பார்த்து..." என்று தொடங்கினார்.

"இது உங்கள் கையெழுத்தா, இல்லையா?"

பேனாவைத் தேடினார். என்னுடையதைக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை, காலை 9.20. இதை எழுதும்போதுகூடச் சிரிப்பு வருகிறது.

14 ஏப்ரல், புதன்

போலீஸ் அலுவலகத்தில் கொடுத்தாயிற்று. மத்தியானம் சங்கத்தில் சேர்ந்தேன்.

24 ஜூன், வியாழன்

வந்துவிட்டது. நிரந்தரம். நான்கு தடவை படித்தேன், கடைசிப் பத்தி உட்பட.

வெறுங்காலோடு மேலே ஓடினேன். அக்கா மாவு குழைத்த கையோடு என்னைக் கட்டிக்கொண்டார். "ஓம், ஓம்" என்று முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய மகள் ஹம்சிகா, "அப்ப இனி ஸ்தவாங்கரோ?" என்று கேட்டாள். யோசித்தேன். எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று ஆன பிறகு, உடனே போகவேண்டும் என்று தோன்றவில்லை. இந்த மகிழ்ச்சியை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.

14 பிப்ரவரி 2005, திங்கள்

ஸ்தைன் தானாகவே என் மேசைக்கு வந்தார். மறுபடி வேலை குறைவாம், ஆறு பேரைச் சில மாதம் வீட்டில் இருக்கச் சொல்ல வேண்டுமாம். அதற்கான குறிப்பில் சங்கப் பிரதிநிதியின் கையெழுத்து வேண்டும். அக்டோபரிலிருந்து அந்தப் பிரதிநிதி நான்.

"வழக்கமான தாள்தான். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

"படித்துப் பார்க்கிறேன்" என்றேன். "வியாழக்கிழமை தருகிறேன்."

சிரிக்கவில்லை, இருவரும்.

17 பிப்ரவரி, வியாழன்

ஆறு பேர் என்பதை நான்காகக் குறைத்தோம். பணி உறவு தொடர்கிறது என்பதைக் கடிதத்தின் முதல் வரியாக்கச் சொன்னேன். மாற்றினார். கையெழுத்துப் போட்டேன்.

நால்வரில் ஒருத்தி அனுஷா, சென்னையிலிருந்து வந்து எட்டு மாதம். கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். அதை வாங்கிப் பிரித்து, முதல் வரியை அவளையே சத்தமாகப் படிக்க வைத்தேன்.

"நாளைக்கு டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு எங்கயும் கிளம்பிப் போகாதே" என்றேன். "மத்தியானம் எங்க வீட்டுக்கு வா. அக்காவும் இருப்பாங்க."