குமரனின் பெயருக்கு முன்னால்

என் பாசமுள்ள மச்சான் தேவனுக்கு,

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மல்வேர்னில், நீ போன பிறகு முதற்பனி கொட்டுகிறது. நாடகத்தில் நீ போட்ட அட்டைக் கிரீடம் இன்னும் உங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு மேல்தான் இருக்கிறது. உன் மனைவி, என் தங்கச்சி, எவரையும் அதைத் தொட விடுகிறாள் இல்லை.

அந்தக் கிரேக்கக் கதை நினைவிருக்கிறதா? மகனைக் கொன்றவனின் கூடாரத்துக்கே போய், கொன்ற கையை முத்தமிட்டு, பிள்ளையின் உடலைத் தா என்று கெஞ்சும் கிழட்டு அரசன் பிரியாம் நீதான். ஷிஃப்டுக்குப் போகிற பஸ்ஸில் வசனம் பாடமாக்கினாய். கிரீடம் மூக்குவரை இறங்கியதும் மண்டபம் சிரித்தது. நீ உடலை வாங்கித் தோளில் போட்டபோது அதே மண்டபம் அழுதது.

"சனம் ஏன் அழுதது?" என்று ஒப்பனை கலைக்கும்போது கேட்டாய். "உந்த ராசா குடுத்து வைச்சவன், மச்சான். அவனுக்குப் பிள்ளையின்ரை உடம்பாவது கிடைச்சுது."

உங்களோடு வராமல் ஊரில் நின்றுவிட்ட உன் மகன் குமரனை, யுத்தம் முடிந்தபோது விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லி ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றினார்கள். பிறகு ஒரு சேதியும் இல்லை. போய்க் கெஞ்சுவதற்கு உனக்கு ஒரு கூடாரமாவது எங்கே இருந்தது?

உன் மரண அறிவித்தலை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பிள்ளைகளின் பெயர் வருகிற வரியில் கை நின்றுவிட்டது. குமரனுக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவதா?

"பிளீஸ் மாமா, போட்டு விடுங்கோ," என்றாள் உன் மகள். "அம்மா ஒருக்கா அழுது முடிக்கட்டும். என்னாலை இனிப் பார்க்கேலாது."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் தங்கச்சி அதைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"உடம்பைக் காட்டச் சொல்லுங்கோ அண்ணை. காட்டினால் போடுவம்."

நான் போடவில்லை. அறிவித்தலைப் பார்த்துவிட்டுச் செத்தவீட்டுக்கு வந்தவர்கள், மகன் எங்கே என்று கேட்டார்கள். தகனத்துக்கான பட்டனை உன் மகள்தான் அழுத்தினாள். "இது அண்ணா செய்ய வேண்டியது, மாமா," என்று என் தோளில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன்.

தங்கச்சிக்கும் ஒருநாள் நானே எழுத நேர்ந்தால், 'காலஞ்சென்ற' என்பது உன் பெயருக்கு முன்னால் வரும். குமரனுக்கு வராது. உடம்பைக் காட்டும்வரை அவன் வெறும் குமரன்தான். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உன் பிள்ளைகளின் தாய்மாமன்,
உன் மச்சான் சிவம்