மஞ்சள் வண்டி என்ன பெறும்?

22 ஓகஸ்ட் 2005, திங்கள். மல்கிரேவ்

குளிர்காலம் இன்னும் முடியவில்லை, காலையில் மூன்று பாகை. கார்க் கண்ணாடியில் உறைபனி. கராஜுக்குள் வண்டி சார்ஜில். நேற்று மெக்கானிக் பாண்டியன் கொண்டுவந்து இறக்கியதிலிருந்து நாலு தடவை போய்ப் பார்த்தாயிற்று.

பழைய கோல்ஃப் வண்டிதான். எங்கோ ஒரு கிளப் கழித்துவிட்டது. இவர், என் கணவர், மே மாதம் வாங்கிப் பாண்டியனின் கராஜில் விட்டார். இப்போது:
– இருவர் இருந்த இடத்தில் ஒற்றைக் கதிரை. சுழலும், உயரும். இடுப்புப் பட்டி.
– கால் பிரேக் இல்லை. எல்லாம் கைப்பிடி.
– மட்டைப் பை முன்னால், கைக்கெட்ட.
– மஞ்சள் நிறம். நான் கேட்கவில்லை. தூரத்தில் வந்தாலும் தெரியுமாம்.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துப் பதினெட்டு மாதம். பொய்க்காலோடு பார்மசியில் நாலு மணித்தியாலம் நிற்கிறேன். கோல்ஃப் மைதானத்தை நடந்து முடிக்க ஏலாது. இனி கதிரையில் இருந்துகொண்டே அடிக்கலாம்.

பின்னேரம் கிளப்புக்கு ஃபோன். செப். 7 புதன், பெண்கள் பிரிவின் முதல் ஆட்டம். செயலாளர் அன்பாகத்தான் சொன்னார்: வண்டி வரலாம், காப்புறுதிக் கடிதம் இல்லாமல் புல்லில் இறங்கக் கூடாது. நியாயம். யாரையாவது இடித்துவிட்டால்?

23, செவ்வாய்

மழை. இன்சூரன்ஸ் கொம்பனிக்கு ஃபோன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டபின் ஒரு பிள்ளை வந்தாள். எந்த ஆண்டு, என்ன மாற்றங்கள்? நேற்று எழுதியதை வாசித்தேன். "இப்போது அதன் பெறுமதி என்ன?" என்றாள்.

தெரியாது என்றேன். பெறுமதி தெரியாத வண்டிக்குப் பத்திரம் இல்லையாம். சந்தை விலை போடலாம், அது வாங்கிய விலையை விடக் குறையலாம். அல்லது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விலை. அதற்குத் தேவை: பிரேக்குக்குப் பொறியியலாளர் சான்று, உதிரிப்பாகம் + கூலி பில், மதிப்பீட்டாளர் அறிக்கை.

இவர்: "இஞ்சேரும், வாங்கின விலையையே போட்டு எடுப்பமே. கெதியா அலுவல் முடியும்."

"களவு போனா? எரிஞ்சு போனா? அந்தக் காசுக்கு இதை ஆர் திருப்பிச் செய்து தருவினம்?"

எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். பக்கத்தில் இருந்து கடதாசியில் தேவையான சான்றுகளின் பட்டியல் எழுதத் தொடங்கினார்.

25, வியாழன்

டண்டினோங், பாண்டியனின் கராஜ். கூலிக்கு பில் வேண்டும் என்றேன். முகம் வாடிவிட்டது.

"அக்கா, உங்களுக்கா பில் போடச் சொல்றீங்க? நான் காசுக்காகச் செய்யல."

"தெரியும் பாண்டியன். எனக்கில்லை, கொம்பனிக்கு. எவ்வளவு வேலை இருக்கெண்டு காட்ட."

"இப்ப வாங்காத காசுக்கு பில் போட்டா பொய் பில் ஆகாதா?"

அவர் சொன்னதும் சரி. பாகங்களுக்கான ரசீதுகளை மட்டும் தந்தார். கிரீஸ் பட்டவை, ஒன்றில் பாதி கிழிந்திருந்தது.

7ஆம் திகதி ஆட்டம் நடக்காது போலிருக்கிறது.

27, சனி

வெயில். இவரோடு முன்பு வேலை செய்த பொறியியலாளர் வந்து பிரேக் பார்த்தார். எங்கள் தெருச் சரிவில் பதினாறு தடவை நிறுத்தச் சொன்னார். தோள் வலி. ஒரு தடவையும் வழுக்கவில்லை. கையொப்பம் போட்டார்.

கொம்பனிக்கு மறுபடி ஃபோன். பணம் கை மாறத் தேவையில்லையாம். எத்தனை மணித்தியாலம், வழக்கமான கூலி என்ன, இலவசமாகச் செய்தது என்று உண்மையை எழுதிக் கையொப்பம் இட்டால் போதும். பாண்டியனுக்குச் சொன்னேன். "மணி யாரு எண்ணினா அக்கா?" என்றார்.

28, ஞாயிறு

பாண்டியனும் மனைவி செல்வியும் வந்தார்கள். செல்வி கையில் சுவர்க் கலண்டர். மே முதல் ஓகஸ்ட் வரை சிவப்புப் பேனாவால் நேரக் குறிப்பு: 2–7. 9–1. மறுபடி 2–6.

"எல்லாம் கோபத்துல எழுதினது அக்கா. இவரு எந்த சனி ஞாயிறும் வீட்ல இல்லையே, என்னைக்காவது ஒரு நாள் காட்டிச் சண்டை போடலாம்னு வெச்சிருந்தேன்."

பாண்டியன் நிலத்தைப் பார்த்தார். இவருக்குச் சிரிப்பில் புரையேறியது. நான்கு பேருமாகக் கூட்டினோம். அறுபத்தொரு மணித்தியாலம். ஜூன் 19க்கு நேரே "கல்யாண நாள்!!" என்று இருந்தது.

எனக்குத் தெரியாது. ஏதோ ஓய்ந்த வேளையில் செய்திருப்பார் என்று நினைத்துவிட்டேன். குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். செல்வி பின்னால் வந்து, "கோபமெல்லாம் போயிருச்சு அக்கா, வண்டிய ஒருதரம் ஓட்டிக் காட்டுங்க" என்றாள்.

பாண்டியன் கடிதம் எழுதிக் கையொப்பமிட்டார். எழுத்து குழந்தை எழுத்துப் போல, ஆனால் ஒரு பிழையும் இல்லை.

31, புதன்

மதிப்பீட்டாளர் கெவின். பெரிய மனிதர், பெரிய சப்பாத்து. வழக்கமாகப் படகு, டிராக்டர் பார்ப்பவராம். வண்டியைச் சுற்றி இரண்டு வட்டம். நேர்மையாகச் சொன்னார்: சந்தையில் இதற்கு ஆள் இல்லை. ஒரு இருக்கை, துளை போட்ட தளம், இந்த நிறம். வாங்கிய விலையின் பாதி.

கேட்டேன்: "இதைப் போல இன்னொன்று எங்கே வாங்கலாம்?"

யோசித்தார். "எங்குமில்லை."

"அப்படியென்றால், இது இல்லாமற்போனால் நான் என்ன செய்வது?"

அடித்துக் காட்டச் சொன்னார். பின்வளவில் பிளாஸ்ரிக் பந்து. கதிரையைச் சுழற்றி, உயர்த்தி, பட்டியை இறுக்கினேன். முதல் அடி காற்றில். இரண்டாவது புல்லை மட்டும் பெயர்த்தது. மூன்றாவது வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டு எலுமிச்சைக்குள்.

கெவின் குந்தியிருந்து கதிரையின் அடிப்பாகத்தைப் படமெடுத்தார். பாண்டியனின் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். வாசலில் நின்று சொன்னார்: விற்கிற விலை வேறு, திரும்பச் செய்கிற விலை வேறு. இரண்டாவதைத்தான் எழுதப் போகிறேன்.

2 செப்டெம்பர், வெள்ளி

தபால் பெட்டியில் பீட்சா விளம்பரம் மட்டும்.

5, திங்கள்

பார்மசிக்கு இவர் ஃபோன். "வந்திட்டுது! முழுசா ஒத்துக்கொண்டிட்டாங்கள்." வாங்கிய விலையின் ஐந்து மடங்கு. பாண்டியனின் மணித்தியாலங்கள் தனி வரியில், 61 என்று அச்சில். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்தேன், செல்விக்கு.

7, புதன்

தெளிந்த வானம், மெல்லிய காற்று. செயலாளர் கடிதத்தை வாசித்து, "மஞ்சளா?" என்று மட்டும் கேட்டார். கூட விளையாட ஹெலன், என் பழைய ஆட்டச் சோடி. முதல் குழியில் பந்தை விழுத்த ஒன்பது அடி தேவைப்பட்டது. இரண்டாவது ஏழு.

மூன்றாவதில் பந்து மணற்குழிக்குள். வண்டி அங்கே இறங்காது. பந்தை எடுத்துத் தரட்டுமா என்று ஹெலன் கேட்டாள். வேண்டாம் என்றேன். பட்டியைக் கழற்றி, ஊன்றுகோலும் மட்டையுமாக இறங்கினேன். மணலில் பொய்க்கால் புதைந்தது, நின்றது. இரண்டு தடவை அடித்தேன். பந்து வெளியே.