என் கடை முற்றத்துக் கருங்கல்

நேற்று உன் வீட்டுக்குள் மழை பெய்தது, மச்சான். கூடத்தில் நீ பெட்டியில் கிடந்தாய், பாதிரியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டு நடுவில் வானம் பார்த்துத் திறந்திருந்த முற்றத்தில் மழை சோவென்று கொட்டியது. நனைந்த கருங்கல்லின் வாசம் மூக்கில் ஏறியது. அது என் கடை வாசம்.

ஈப்போவில் என் அத்தா விட்டுப்போன சாப்பாட்டுக் கடைக்கு ஓர் அழகு உண்டென்று எனக்குச் சொன்னவனே நீதான். பிளான் வரைகிற வேலை முடிந்ததும் தேத்தண்ணி குடிக்க வருவாய். "கடைக்கு முன்னால அஞ்சடி நடையில நுழையுறப்ப இருட்டு, உள்ள வந்தா முத்தத்து வெளிச்சம். கட்டுனவன் கணக்குத் தெரிஞ்சவன் மச்சான்" என்பாய். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை ரயில் நிலையத்துக்கு இழுத்துப் போய், வளைவும் தூணும் ஒன்றையொன்று நெருக்காமல் நிற்பதைக் காட்டுவாய். புதிதாக எழும்பிய கான்கிரீட் கட்டடங்களையும் நீ வெறுத்ததில்லை. அளவு சரியாக இருந்தால் எந்தக் காலத்துக் கட்டடமும் அழகுதான் என்பாய்.

எழுபதுகளின் கடைசியில், கடையைப் புதுப்பிக்கும் வேலையை உன்னை நம்பி விட்டுவிட்டு, அம்மாவைப் பார்க்க ஊருக்குக் கப்பல் ஏறினேன். திரும்பி வந்து பார்த்தால் முற்றத்துக்கு மேல் கான்கிரீட் தளம், பட்டப்பகலில் குழல் விளக்கு. "இப்ப மாடர்ன் காலம். நாலு மேச கூடப் போடலாம் லா" என்றாய். முற்றத்தில் பதித்திருந்த கருங்கல் எங்கே என்றதற்கு, "நொறுங்கிப்போச்சு, லோரியில அள்ளிக் கொட்டிட்டேன்" என்றாய். நம்பினேன். குறை சொன்ன என் பெண்டாட்டியிடம், "அவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன்.

பக்கத்து ஊர் பத்து காஜாவில் வீடு கட்டி இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட நீ என்னைக் கூப்பிடவில்லை. "இன்னும் வேல முடியல மச்சான்" என்றே நாளைக் கடத்தினாய். நேற்று உன் மனைவிதான் காப்பியை நீட்டியபடி சொன்னார்: "மழ பேஞ்சா இங்கதான் உக்காந்திருப்பாரு அண்ணே. நீங்க வேணாம்னு குடுத்த கல்லுதானே இதெல்லாம்."

நான் கொடுத்ததாகவே தலையை ஆட்டிவைத்தேன். துரோகி! என் வானத்தை மூடிவிட்டு உனக்கு ஒன்று திறந்துகொண்டாயே. சட்டையைப் பிடித்துக் கேட்கலாமென்றால் நீ செத்துப்போய்விட்டாய்.

எனக்கு அழுகை வரவில்லை. கண் மட்டும் அதன்பாட்டுக்கு அளந்துகொண்டிருந்தது. முற்றத்தின் அகலத்துக்கு ஏற்ற தூண், தூணுக்கு ஏற்ற கூரைச் சரிவு, பழைய கல்லோடு ஒத்துப்போகிற புதுச் சிமெண்டுச் சுவர். என் கடையில் இருந்ததைவிட அந்தக் கல் உன் வீட்டில் அழகாக இருக்கிறது. அதைப் பார்க்கத் தெரிந்த கண் நீ கொடுத்தது. கல்லோடு அந்தக் கண்ணையும் பெயர்த்துக்கொண்டு போயிருக்கலாம் நீ.