முந்நூற்று முப்பத்தெட்டு வாக்கியங்கள்

பிப்ரவரி 24, செவ்வாய்

இன்று இருபத்திரண்டு வாக்கியங்கள். ஆக மொத்தம் இருநூற்றுத் தொண்ணூறு. இன்னும் அறுபது பாக்கி.

மார்ச் பதினாறாம் தேதி என் வீட்டுக்காரருடைய குரல்வளையை எடுத்துவிடுவார்கள். கட்டி அதற்குமேல் காத்திருக்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பேச்சுப் பயிற்சி தரும் அம்மா முந்நூற்றைம்பது வாக்கியங்கள் கொண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அத்தனையையும் அவர் குரலில் பதிந்து அனுப்பினால், அதை வைத்து ஒரு குரல் செய்து தருவார்களாம். பிறகு அவர் ஃபோனில் எழுத, அது பேசும். அவர் குரல் மாதிரியே. சரி, மாதிரியாவது கிடைக்கட்டும்.

பட்டியலை எழுதிய மகராசன் யாரோ. "மஞ்சள் குடை மாடிப்படியில் கிடக்கிறது." "எட்டு மணி வண்டியில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள்." இந்த மனுஷன் ஒழுங்காகப் படித்தால்தானே! ஒவ்வொன்றுக்கும் ஒரு பின்பாட்டு. "எந்தப் புண்ணியவான் குடையை மாடிப்படியில போட்டான்? யாராவது தடுக்கி விழவா?" இருபத்தாறு வருடம் டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊரை அதட்டிய வாய். சும்மா இருக்குமா?

நான் ஆஸ்பத்திரிப் பதிவேட்டு அறையில் வேலை பார்ப்பவள். எனக்குக் கோப்பு என்றால் கோப்பு மாதிரி இருக்க வேண்டும். அவர் சிரிப்பு, இருமல், கிண்டல், நடுவில் நான் போடும் சத்தம் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, வாக்கியத்தை மட்டும் 001, 002 என்று எண் போட்டு வைக்கிறேன். வெட்டியதை அழித்துவிடலாம் என்றேன். "இருக்கட்டுமே மேடம்" என்றார். கார் கற்க வருகிற பெண்களையெல்லாம் மேடம் மேடம் என்று கூப்பிட்டு, வீட்டிலும் நான் மேடம்தான். லேப்டாப்பில் அதை வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அவர் காரில் பாட்டுக் கேட்கும் பென்டிரைவ் மேசைமேல் கிடந்தது. அதில் கொட்டிவைத்தேன். ஃபோல்டர் பெயர்: குப்பை.

பிப்ரவரி 26, வியாழன்

பயிற்சி அம்மா ஃபோன் செய்தார். "ஐம்பது ஐம்பதா அனுப்பிடுங்களேன்மா, எங்களுக்கும் சௌகரியம்." முடித்துவிட்டு ஒன்றாக அனுப்புகிறேன் என்றேன். அரைகுறையாக ஒரு காகிதத்தைக்கூட நான் மேலே அனுப்பியதில்லை.

ஆனாலும் ஒரு பத்திரத்துக்கு, முழு ஃபோல்டரையும் டி டிரைவில் போட்டுவைத்தேன். சி போனாலும் டி நிற்கும். எங்கள் அலுவலகத்தில் இரண்டு முறை பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே போய் விழுந்த ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் ஏதோ ஆங்கிலத்தில் வால் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பார்க்க நன்றாக இல்லை. அதை அழித்துவிட்டு 'குரல்' என்று மட்டும் வைத்தேன்.

மார்ச் 2, திங்கள்

இன்றோடு வேலைக்கு முழுக்கு. கார் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தார். "எத்தனை பேருக்குக் கத்துக்குடுத்தேன், கணக்கே இல்ல. வீட்டுல இருக்கற ஒரு ஆள் மட்டும் தேறல" என்றார். என்னைத்தான். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நாள் கற்றுக்கொடுத்தார். அவர் கத்திய கத்தலில் நடுத்தெருவில் காரை விட்டு இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஸ்டியரிங் பக்கம் நான் போனதில்லை.

மார்ச் 8, ஞாயிறு

338.

காலையில் ஒரு மணி நேரம்தான் குரல் குரலாக இருக்கிறது. பிறகு தகரத்தைத் தரையில் இழுப்பது போல ஆகிவிடுகிறது. பன்னிரண்டே பாக்கி. நாளை ஆறு, மறுநாள் ஆறு. புதன்கிழமை அனுப்பிவிடுவேன்.

மார்ச் 9, திங்கள்

லேப்டாப் எழுந்திருக்கவில்லை. நீலத் திரை, அப்புறம் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்தில் ஒரே வரி. மறுபடி போட்டால் மறுபடி அதே. நேற்று ஏதோ அப்டேட் என்று அரை மணி நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான்தான் பொறுமை இல்லாமல் பொத்தானை அமுக்கி அணைத்தேன். அதனாலா? இல்லை, வேறு எதனாலாவதா? இதற்கும் இதே வாரம்தான் கிடைத்ததா?

அவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். காலைக் குரல் ஒன்று வீணாகப் போனது.

மார்ச் 10, செவ்வாய்

லீவு போட்டுவிட்டு, கடை திறக்கும்முன் வாசலில் போய் நின்றேன். கடைக்காரருக்கு மார்புவரை தாடி. தன் பென்டிரைவ் ஒன்றைச் சொருகி, லேப்டாப்பை வேறு வழியாக எழுப்பினார். சி டிரைவ் திறக்கவில்லை. டி திறந்தது. 'குரல்' அங்கே இருந்தது. கண்ணால் பார்த்தேன். எனக்குப் போன உயிர் வந்தது.

"டிஸ்க்ல சி பக்கம் கெட்டுப்போயிருக்குக்கா. அழிச்சுட்டு புதுசா விண்டோஸ் போடணும். சி-ல முக்கியமா ஏதாவது இருந்தா சொல்லுங்க, முதல்ல அதை எடுத்துப் பார்க்கிறேன். ரெண்டு நாள் ஆகும்" என்றார்.

"எனக்கு வேண்டியதெல்லாம் டி-ல இருக்கு தம்பி. நீங்க போடுங்க."

"ஒரு தடவை திறந்து பார்த்துடலாமா?"

"நானே என் கையால போட்டது. நேரமாகுது, ஆரம்பிங்க."

அப்படித்தான் சொன்னேன். ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதி வைக்கிறேன்.

பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்த மொழி என்று கேட்டது. எந்த நேரம் என்று கேட்டது. எந்த இடத்தில் போடுவது என்று கேட்டது. தாடி சி-யைத் தொட்டு 'ஃபார்மட்' கொடுத்தார். இரண்டு விநாடிகூட ஆகவில்லை. பிறகு நூற்றுக்கு எட்டு, நூற்றுக்கு முப்பது, நூற்றுக்கு அறுபத்தொன்று. நடுவில் தானே அணைந்து தானே எழுந்தது. கடைசியில் பளிச்சென்று ஒரு வெற்றுத் திரை வந்தது. மூலையில் குப்பைத் தொட்டி ஒன்று, வேறு எதுவும் இல்லை. துடைத்த வீடு மாதிரி. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. என்ன ஜென்மம் நான்.

வீட்டுக்கு வந்து 'குரல்' மீது இரண்டு முறை தட்டினேன். இந்தப் பொருள் இருந்த இடத்தில் இப்போது இல்லை என்றது.

இல்லை. ஒன்றுகூட இல்லை.

மார்ச் 11, புதன்

நான் டி-யில் போட்டது ஃபோல்டரே இல்லை. சி-யில் இருந்த ஃபோல்டருக்கு வழி காட்டும் வெறும் அம்புக்குறி. 'ஷார்ட்கட்'. நான் அழகு பார்த்து அழித்த வாலில் அதுதான் எழுதியிருந்தது. மூலையில் சின்ன அம்பும் இருக்கிறது, இப்போது நன்றாகவே தெரிகிறது. பதினெட்டு வருஷம் ரெக்கார்டு ரூம்ல குப்பை கொட்டி என்ன பிரயோஜனம்? திறந்து பார்க்கட்டுமான்னு அந்த ஆள் கேட்டாரே! ஒரு தடவை. ஒரே ஒரு தடவை தட்டியிருந்தா—

தாடி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "புதுசு மேல ஏறி உட்கார்ந்துடுச்சுக்கா. இருந்தாலும் பார்க்கிறேன்" என்று மாலைவரை போராடினார். கிடைத்தவை பெயர்கள் மட்டும். 001 முதல் 338 வரை, வரிசை பிசகாமல், நான் வைத்தபடியே. எதைத் திறந்தாலும் கர்ர் என்று ஒரு சத்தம், பிறகு அதுவும் இல்லை.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. கடையில் இருக்கிறது, நாளை வரும் என்றேன். தலையாட்டினார்.

மார்ச் 12, வியாழன்

சொல்லிவிட்டேன். சமையலறையில், பாத்திரம் தேய்த்துக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டு. முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் பட்டியலை மடித்துக்கொண்டிருந்தார். இரண்டாக, நான்காக, எட்டாக. அவருக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே கேட்கும். இன்று வரவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"திட்டுங்க. தயவுசெஞ்சு திட்டிடுங்க" என்றேன்.

"இருக்கறதே நாலு நாள் பேச்சு. அதைத் திட்டறதுல செலவு பண்ணச் சொல்றியா?"

மேடம் என்று கூப்பிடவில்லை.

மார்ச் 13, வெள்ளி

மறுபடி ஆரம்பித்தோம், முதல் வாக்கியத்திலிருந்து. அவர்தான் பட்டியலைப் பிரித்து முன்னால் வைத்தார். இந்த முறை கிண்டல் இல்லை, பின்பாட்டு இல்லை. நான் கேட்டபடியே ஒழுங்காகப் படித்தார். பத்தொன்பதாவது வாக்கியத்தில் குரல் அறுந்துபோனது, கைக்குட்டையில் ரத்தம். மருத்துவர் ஃபோனிலேயே சத்தம் போட்டார். இனிப் பதிவே கூடாது, தேவைக்குமேல் ஒரு வார்த்தைகூடக் கூடாது என்றார்.

பத்தொன்பதையும் கேட்டுவிட்டுப் பயிற்சி அம்மா சொன்னது: "இது போதாதும்மா. அதோட, இது அவர் குரலும் இல்ல."

மகள் தன் ஃபோனை அலசிப் பார்த்தாள். எந்த வீடியோவிலும் படம் எடுத்தவர் அவர்தான். "இந்தப் பக்கம் பாருங்க, சிரிங்க." அவ்வளவுதான் இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

மகளோடு பத்து நிமிடம் பேசினார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நான் ஃபோனில் பதிவை ஓடவிட்டு மேசைமேல் வைத்தேன். எடுத்து அணைத்துவிட்டார். "இது உனக்கு மட்டும்."

அவர் சொன்னதை இங்கேயும் எழுத மாட்டேன்.

மார்ச் 16, திங்கள்

ஐந்தரை மணி நேரம். உயிரோடு இருக்கிறார்.

ஏப்ரல் 4, சனி

வீட்டுக்கு வந்து எட்டு நாள். கழுத்துத் துளை வழியாக மூச்சு விடுகிறார். அதைச் சுத்தம் செய்ய இப்போது எனக்குப் பழகிவிட்டது. ஒரு நோட்டில் எழுதிக் காட்டுவார். 'உப்பு இல்லை.' 'ஃபேன்.' நோட்டில் அவர் ரொம்ப மரியாதையான மனிதராக இருக்கிறார். எனக்கு யாரோ வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி இருக்கிறது. பக்கத்து அறையிலிருந்து என்னைக் கூப்பிட, சுவரை இரண்டு முறை தட்டுகிறார்.

அவர் குரலை நினைத்துப் பார்க்கிறேன், வருகிறது. எத்தனை நாளைக்கு வரும்?

ஏப்ரல் 21, செவ்வாய்

இன்றே எழுதிவிட வேண்டும்.

இத்தனை நாள் ஓட்ட ஆளில்லாமல் நின்ற அந்தக் காரில் அவருடைய சாமான்கள் ஏதோ கிடக்கின்றன, எடுத்துப்போகச் சொல்லி முதலாளி ஆள் அனுப்பினார். அலுவலகம் முடிந்து போனேன். ஒரு கறுப்புக் கண்ணாடி, ஒரு துண்டு, பாதி மிட்டாய்ப் பொட்டலம். அவர் உட்காரும் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்து பையில் போட்டுக்கொண்டிருந்தேன். காரைப் பின்னால் எடுக்க முதலாளி சாவியைத் திருப்பினார். ஸ்பீக்கரில் பாட்டு வந்தது. முடிந்தது. அடுத்து—

"எந்தப் புண்ணியவான் குடையை மாடிப்படியில போட்டான்?"

அப்புறம் என் குரல்: "ஐயோ, ஒழுங்காப் படிங்களேன்!" அப்புறம் அவர் சிரிப்பு. வயிற்றிலிருந்து வரும் அந்தச் சிரிப்பு.

முதலாளி பிரேக்கை மிதித்துவிட்டார். "அண்ணனா? அண்ணன்தானே?" என்றார். நான் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. பாவம் அந்த மனுஷன், காரை விட்டு இறங்கிப்போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பென்டிரைவ். ஊரெல்லாம் தேடினோமே, இது எப்படி ஒருத்தருக்கும் நினைவு வரவில்லை? இடம் இருந்தது என்று நான் கொட்டினேன், பாட்டு என்று அவர் வேலையின் கடைசி வாரம் காருக்கு எடுத்துப் போனார். குப்பையை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

ஏப்ரல் 22, புதன்

மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். இன்று ஒன்றுவிடாமல் திறந்து பார்த்தேன். மூன்று இடங்களில் பிரதி எடுத்தேன், அந்த மூன்றையும் திறந்து பார்த்தேன்.

பயிற்சி அம்மா கேட்டுவிட்டுச் சொன்னார், "இதை வெச்சுக் குரல் செய்ய முடியாதும்மா. எல்லாத்துலயும் உங்க குரல் ஏறிக்கிட்டு நிக்குது." ஆனால் துண்டு துண்டாக ஃபோனில் ஏற்றி, தொட்டால் பேசும்படி செய்து கொடுத்தார். அவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். பிறகு நோட்டை இழுத்து எழுதினார்: 'மேடம், ஃபோல்டர் பேரை மாத்து.'

மாற்றவில்லை. அந்தப் பெயரில்தான் தப்பித்தது.

மே 10, ஞாயிறு

முதலாளி காரை இரண்டு மணி நேரத்துக்குக் கொடுத்தார். இவர்தான் எழுதிக் கேட்டாராம். என்னிடம் மூச்சுவிடவில்லை. வாசலில் நிற்கிறது, வலதுபக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது, விட்டுவிடுங்கள் என்றேன். சுவரைத் தட்டுவதுபோல் காரின் கூரையை இரண்டு முறை தட்டினார்.

ஏறினேன். மூன்று முறை இஞ்சின் அணைந்துபோனது. மூன்றாவது முறை கார் ஒரு குதி குதித்து நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனை அடித்துவிட்டு ஒதுங்கிப் போனான். பழைய ஞாபகத்தில் தோள்களைக் குறுக்கிக்கொண்டேன், இப்போது கத்தப்போகிறார் என்று. அப்புறம்தான் உறைத்தது. கத்தினால் போதும் என்று இருந்தது.

அவர் ஃபோனை எடுத்து, தேடி, ஒன்றைத் தொட்டார். நூற்று எண்பத்தெட்டாவது வாக்கியத்துக்குப் பின்னால் நான் வெட்டி எறிந்த துண்டு. அந்த வாக்கியத்தில் கார் என்ற சொல் வந்ததும் அவர் தடம் மாறிப் போய்ப் பேசியது. அன்று எனக்கு எவ்வளவு எரிச்சல்.

"கிளட்ச்சை மெதுவா விடணும் மேடம். மெதுவா... இன்னும் மெதுவா. என்னத்துக்குப் பயம்? பிரேக் என் பக்கமும் இருக்கு."

காலை மெதுவாக விட்டேன். கார் நகர்ந்தது. தபால் நிலையம்வரை போய்த் திரும்பி வந்தோம்.