செம்புக் குழாய் டூப்ளக்ஸர்

12-8-1978, சனி

ஒரே ஆன்டெனாவில் பேசவும் கேட்கவும் உதவும் டூப்ளக்ஸரை, செம்புக் குழாய்களை வெட்டிப் பற்றவைத்து நானே செய்திருந்தேன். இன்று ரேடியோ கிளப்காரர்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்திருக்க, தூரத்துப் பேச்சை வாங்கி மறுபடி அனுப்பும் எங்கள் ரிப்பீட்டரில் அதை மாட்டினேன். தேவகோட்டையிலிருந்து ஒருவர் கூப்பிட்டும் இரைச்சலைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

செயலாளர் சுப்பையா சிரித்தார். "ஏன் ஆச்சி இப்படிக் கெடந்து பாடுபடுறீக? மலேசியாவுல இருக்க என் மச்சான் புதுசா ஒண்ணு வாங்கியாரட்டும்."

"அது கெட்டுப்போனா, ரிப்பேர் பாக்கவும் உங்க மச்சானையே வரச் சொல்லுவீகளா?" என்று கேட்டேன்.

அவர்கள் போனபின் பிரித்துப் பார்த்தேன். ஒரு குழாயின் மூடியில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் கோளாறு.

வெளிநாட்டில் வாங்குவதா என்று நாளை கிளப்பில் ஓட்டெடுப்பாம். எல்லோரும் கை தூக்கட்டும். ரிப்பீட்டர் என் மாடியில் இருக்கும்வரை நான் செய்ததுதான் அதில் ஏறும். சோல்டரிங் அயர்ன் சூடாகிவிட்டது.